முதுமையும் நினைவின் சூழலும்

விருதுநகரில் எண்பது வயதை ஒட்டிய பெரியவரிடம் 1967ஆம் ஆண்டுத் தேர்தலைப் பற்றிக் கேட்டால், பெருந்தலைவர் காமராசர் சொந்த ஊரிலேயே மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றதை அவர் மறந்திருக்க மாட்டார். அச்செய்தியைச் சொன்னவர் யார், கேட்டது வானொலியிலா தேநீர்க் கடையிலா என்று தொடர்ந்து வினவினால் விடை தடுமாறக்கூடும். மகனிடம் சொன்னது பேரனிடம் சொல்லும்போது மாறவும் கூடும். கதை விடுகிறார் என்று இளையோர் நகைப்பர். மறதிநோயோ என்று வீட்டார் அஞ்சுவர். பெரும்பாலும் இரண்டுமே பொருந்தா.

நினைவில் பொருள் வேறு, சூழல் வேறு என்பர் உளவியலார். கேட்ட செய்தி பொருள். சொன்னவர், இடம், காலம் ஆகியன சூழல். இவற்றைப் பிணைத்து வைப்பது மூளையின் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி. தேடியெடுத்துச் சரிபார்ப்பதில் நெற்றிப்புற மூளைக்குப் பெரும்பங்கு உண்டு. நோயற்ற முதுமையிலும் இவ்விரண்டும் சற்றே தளர்கின்றன. பூக்கள் வாடாதிருக்க நார் மட்டும் நைந்த சரத்தை நாம் பார்த்ததில்லையா? பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஸ்பென்சர், ராஸ் ஆகிய இருவரும், முதுமையில் சூழல் நினைவே மிகுதியாகக் குறைகிறது என்பதை 1995இல் காட்டினர்.

இதில் இடர் ஒன்றுண்டு. 2005இல் வெளியான ஸ்கர்னிக் குழுவினரின் ஆய்வில், பொய்யென்று ஒருமுறை சொல்லப்பட்ட கூற்றுகளைவிட மும்முறை சொல்லப்பட்டவற்றையே, மூன்று நாள் கழித்து, முதியோர் மிகுதியாக மெய்யெனக் கொண்டனர். கூற்று பழகிவிட்டது, எச்சரிக்கை உதிர்ந்துவிட்டது. ஆதலால், அந்த லேகியம் சர்க்கரை நோயைத் தீர்க்காது என்று பத்துமுறை சொல்வதினும், மருத்துவர் தந்த மாத்திரையை விடாதீர்கள் என்பதே நலம்.

சொன்னவர் யார் என்பதன் அருமையை ஹதீஸ் அறிஞர்கள் நன்கறிந்திருந்தனர். கூஃபா நகரத்து அதா இப்னு ஸாயிபுக்கு முதுமையில் நினைவு குழம்பியபோது, அவரை முற்றாக ஒதுக்காமல், முன்னரே அவரிடம் கேட்டோர் அறிவித்தவற்றை ஏற்றனர். அவருடையது இயல்பான முதுமையினும் மிக்க தளர்ச்சியே. எனினும் அந்த நிதானம் நமக்கும் வேண்டும்.

பழகிய தெருவிலேயே வழி தவறுதல், கேட்டதையே சற்று நேரத்தில் மீண்டும் மீண்டும் கேட்டல் ஆகியன வேறு; அவற்றுக்கு மருத்துவரை நாடுதல் வேண்டும்.

களப்பணிக்குச் செல்லும் நம் மாணவர் பெரியோரை, எந்த ஆண்டு என்று கேட்டு மடக்க வேண்டா. சிவகாசியில் தீப்பெட்டி ஒட்டிய பாட்டியிடம் பழைய லேபிள் ஒன்றைக் காட்டுக. மூத்த மகள் பிறப்பதற்கு முன்பா பின்பா என்று கேட்க. தாமாக நினைவுகூர இயலாததைக் குறிப்புக் கிடைத்தால் முதியோர் பலர் மீட்டுச் சொல்வர். ஆண்டை மாணவர் பழைய நாளிதழில் பார்த்துக்கொள்ளலாம்.