பழைய காருக்கு பனியன் துணி

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மேசையிலிருந்து விழும் வெள்ளைத் துண்டுகள் வீணாவதில்லை. 'பனியன் வேஸ்ட்' என்ற பெயரில் மூட்டை மூட்டையாக ஒர்க்‌ஷாப்புகளுக்குப் போகின்றன. கண்காட்சிக்குத் தயாராகும் பழைய காரைத் துடைக்கவும் இது கைகொடுக்கும். பின்னல் துணி மிருதுவானது. ஈரத்தை நன்றாக உறிஞ்சும்.

ஆனால் கவனம் வேண்டும். தையல் ஓரம், எலாஸ்டிக், பட்டன், லேபிள் உள்ள துண்டு வேண்டாம்; பெயிண்டில் கீறல் விழும். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்குங்கள். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி. கம்பிச் சக்கரத்தின் இடுக்குகளுக்குப் பழைய பல் பிரஷ் போதும். தரையில் விழுந்த துணியை மறுபடி தொடாதீர்கள். அதில் ஒட்டிய ஒரு மணல் துகளே கோடு போட்டுவிடும். பாலிஷும் அளவோடுதான். விளிம்புகளில் பெயிண்ட் மெலிதாக இருக்கும். அதிகம் தேய்த்தால் தகரம் தெரியும்.

நடுவர்கள் பளபளப்போடு அசல் தன்மையையும் பார்ப்பார்கள். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத காரே 'விண்டேஜ்'. பழைய கார்களை நேரில் பார்க்க ஆசையா? கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் மியூசியத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள்.