அடுப்படி ஜன்னலில் கரடி



சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி, வீட்டில் எலி படுத்தும் பாட்டை எழுதியிருந்தார். படித்துவிட்டு நானும் என் ஓரகத்தியும் சிரித்துக்கொண்டோம். எலிக்கே ஒரு பக்கம் என்றால், நாங்கள் எழுத ஆரம்பித்தால் பேப்பர் தாங்குமா? எங்கள் வாசலில் காலையில் நிற்பது காட்டெருமை. ராத்திரி வருவது கரடி. மத்தியானம் குரங்கு. நாய் வைத்திருக்கும் வீடு என்றால் சிறுத்தையும் உண்டு.

நான் பிறந்தது காரமடைப் பக்கம். வாக்கப்பட்டு இந்த மலைக்கு வந்து 28 வருஷம் ஆகிறது. வந்த புதிதில் காட்டெருமையைப் பார்ப்பது என்றால் அதிசயம். "அதோ, எதிர்மலையில் நிக்குது பார்" என்று மாமியார் கை காட்டுவார். புள்ளி மாதிரி தெரியும். இப்போது துணி காயப்போடப் போனால் கொடிக்கு அந்தப் பக்கம் மூச்சு விடுகிறது.

பெயர்தான் எருமை. உண்மையில் அது மாட்டு இனம். வளர்ந்த காளை ஆயிரம் கிலோ வரை இருக்கும். தோள் உயரமே ஆறடி வரும். முழங்காலுக்குக் கீழே, பள்ளிக்கூடப் பிள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை. தூரத்தில் நின்று பார்த்தால் சாது. ஒருமுறை என் நைட்டியைக் கொம்பில் மாட்டிக்கொண்டு தேயிலைக் காட்டுக்குள் போய்விட்டது. அதற்கு அப்புறம் வீட்டுக்காரர் மொட்டை மாடியில் கொடி கட்டிக் கொடுத்தார். பதினைந்து வருஷமாக நான் கேட்டுக் கிடைக்காத கொடி அது!

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, எல்லாம் சிரிப்பு இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கொழுந்து பறிக்கப் போகிறவர். அவருடைய அம்மா அப்பா, 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர்கள். பரம்பரையாகத் தேயிலைதான். ஒருநாள் காலை பனி விலகுமுன் செடிக்குள் இறங்கியிருக்கிறார். செடி இடுப்பு உயரம். அதற்குள் காட்டெருமை படுத்திருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. மூன்றே அடி தூரத்தில் எழுந்து நின்றிருக்கிறது. தொடையில் கொம்பு இறங்கி, எலும்பு முறிந்து, பிளேட் வைத்து, ஏழு மாசம் வேலைக்குப் போகவில்லை. அவர் சொன்னதைக் கேளுங்கள்:

"அது என்னைக் குத்தணும்னு வரல தங்கச்சி. அதுபாட்டுக்குப் படுத்திருந்துச்சு. நான்தான் அது மேல போய் விழுகிற மாதிரி நின்னேன். அதுவும் பயந்து போச்சு, நானும் பயந்து போனேன். அதுக்குக் கொம்பு இருந்துச்சு."

ஏழு மாசக் கூலி போன மனுஷி சொல்கிற வார்த்தை இது.

ஏன் இப்படி வீட்டோரம் வருகின்றன என்று கேட்பீர்கள். காட்டை அழித்தோம், அதனால் வருகிறது என்று ஒரே வரியில் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அது உண்மைதான்; 1819-ல் கோயமுத்தூர் கலெக்டர் சல்லிவன் துரை இந்த மலைக்கு ஏறி வந்தபோது இங்கே சோலையும் புல்வெளியும்தான். பிறகு தேயிலையும் சீகை மரமும் யூகலிப்டஸும் வந்தன. ஆனால் நான் கண்ணால் பார்த்த காரணம் வேறொன்று. 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருந்தவர்கள் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டுத் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போனார்கள். கவாத்து பண்ணாத தேயிலை மரமாக வளர்ந்துவிடும், தெரியுமா? அதற்கு அடியில் உண்ணிச்செடி புதர் மண்டும். எங்கள் தெருவுக்குக் கீழேயே அப்படி மூன்று தோட்டம் கிடக்கிறது. கரடி பகலில் படுக்க அதைவிட நல்ல இடம் எது? உண்ணிப்பழமும் கிடைக்கிறது. ஆக, கரடி காட்டிலிருந்து நடந்து வருவதில்லை. எங்கள் பக்கத்து மனையிலிருந்து வருகிறது.

கரடிக்கு வருகிறேன். புலி, சிறுத்தை என்றால் எல்லோரும் நடுங்குவார்கள். மலையில் இருக்கிற எங்களைக் கேட்டால் கரடிதான். அதற்குக் கண் பார்வை மந்தம், காதும் அப்படித்தான். மூக்கு மட்டும் அபாரம். பக்கத்தில் போகும்வரை நாம் வருவது அதற்குத் தெரியாது. திடீரென்று தெரிந்ததும் மிரண்டு முகத்தில் அறையும். அதனால்தான் இருட்டில் நடக்கிறபோது பேசிக்கொண்டோ, செருமிக்கொண்டோ, தடியைத் தட்டிக்கொண்டோ போகச் சொல்வது. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போகிற காலேஜ் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

அதற்கு எண்ணெய் என்றால் உயிர். இந்தப் பக்கம் கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிற சமாச்சாரம். வீட்டையும் விடாது. நாலு வருஷத்துக்கு முன் கார்த்திகை சமயம், அப்பம் சுட்ட வாசனை தெருவெல்லாம் இருந்திருக்கும். ராத்திரி ஒன்றரை மணிக்கு அடுப்படியில் ஜன்னல் கம்பி கிறீச்சிடுகிறது. பூனை என்று நினைத்து டார்ச் அடித்தால், கம்பிக்கு வெளியே கறுப்பு மூக்கு. பின்னால் முதுகில் இரண்டு குட்டி உப்பு மூட்டை மாதிரி தொற்றிக்கொண்டிருக்கிறது. அம்மாக்காரி! என் மாமியாருக்கு அப்போது 78 வயசு. சத்தம் போடாமல் ஹால் கதவைச் சாத்திவிட்டு, "விடு, பிள்ளைக்காரி. தின்னுட்டுப் போயிரும்" என்றார். தின்ன ஒன்றும் கிடைக்கவில்லை. கால் மணி நேரம் முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. ஜன்னல் கம்பி மட்டும் இன்றுவரை வளைந்தே இருக்கிறது.

மறுநாள் தெருவில் ஆண்கள் கூடி, பட்டாசு போட்டு விரட்டலாம், கம்பி வேலியில் கரண்ட் விடலாம் என்றெல்லாம் பேசினார்கள். 1972-ஆம் வருஷச் சட்டப்படி கரண்ட் விடுவது ஜெயில் சமாச்சாரம். அதைவிட, அந்த வேலியில் விடியற்காலை தண்ணீர் எடுக்கப் போகிற நாங்களே மாட்டிக்கொள்வோம். பட்டாசு? இங்கே போட்டால் மிரண்டு அடுத்த தெருவுக்குள் ஓடும். அங்கே ஒரு கிழவி வாசல் தெளித்துக்கொண்டிருப்பாள். இதையெல்லாம் அவர்களுக்குப் புரியவைத்தது எங்கள் மகளிர் குழுதான் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன்.

குழுவில் பேசி நாங்களாகச் சில ஏற்பாடு செய்தோம். வீட்டுக்குப் பின்னால் சோறு, காய்கறித் தோல் கொட்டுவதை நிறுத்தினோம். மூடி போட்ட குழி வெட்டி, கொட்டியதும் ஒரு மண்வெட்டி மண். எண்ணெய் டின், வெல்லம், பலாப்பழம் எதுவும் ஜன்னல் உள்ள அறையில் இருக்கக்கூடாது. பலாப்பழத்தை வாங்கினால் அன்றே அறுத்துத் தீர்த்துவிடுவது. நாயை வெளியே கட்டிப் போடுவது அடியோடு கிடையாது. வெளியே கட்டிய நாய் என்பது சிறுத்தைக்கு வைத்த இலை. நாய்க்காக வருகிற சிறுத்தை திண்ணை வரை வந்து பழகிவிடும். திண்ணையில் குழந்தை விளையாடும் வீடு அது. பொழுது சாய்ந்தால் பிள்ளைகள் வெளியே தனியாகப் போவதில்லை. கழிப்பறைக்குப் போனால்கூடப் பெரியவர்கள் ஒருத்தர் துணை.

பஸ் நிறுத்தத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதையின் இரண்டு பக்கமும் உண்ணிச்செடியைப் பத்தடி அகலத்துக்கு வெட்டினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. மழை பெய்தால் திரும்ப முளைக்கும், வருஷத்துக்கு இரண்டு தடவை வெட்ட வேண்டியிருக்கிறது. தெருவிளக்கு விஷயம்தான் பெரும்பாடு. நாலு மாசம் எரியாமல் கிடந்தது. யாரிடம் மனு கொடுக்க வேண்டுமோ அவர்களிடம் இரண்டு தடவை கொடுத்தோம். மூன்றாவது தடவை பதினாறு பேர் சேர்ந்து போய், வளைந்த ஜன்னல் கம்பியைப் போட்டோ எடுத்து மேஜைமேல் வைத்தோம். நாலாம் நாள் பல்பு வந்துவிட்டது.

கொழுந்து பறிக்கப் போகிற பெண்களுக்கும் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. இடுப்பில் படங்கு கட்டி இறங்குமுன், மேட்டில் நின்று தகரத்தைத் தட்டிக் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள். உள்ளே ஏதாவது இருந்தால் எழுந்து தன் வழியே போகட்டும் என்று. தட்டுவது தூரத்தில் நின்றுதான், கவனியுங்கள். நேருக்கு நேர் பார்த்துவிட்டால் சத்தமே கூடாது. காட்டெருமை தலையைத் தாழ்த்திப் புஸ்ஸென்று மூச்சு விட்டால், "தள்ளிப் போ" என்று அர்த்தம். முதுகைக் காட்டி ஓடாமல் பின்பக்கமாகவே நகர்ந்து வழிவிட வேண்டும்.

எனக்கு மிருகங்கள் மேல் அவ்வளவு கோபம் இல்லை. கோபம் வருவது சுற்றுலா வருகிறவர்கள் மேல்தான். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் காரை நிறுத்தி, குரங்குக்குச் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டி போட்டோ எடுக்கிறார்கள். தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது; அதற்கு முன்பிருந்தே நீலகிரியில் தடை உண்டு. இருந்தும் பாக்கெட் பறக்கிறது. பையில் கை விட்டால் தின்பண்டம் வரும் என்று அந்தக் குரங்குக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? அது அடுத்து வருவது எங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடப் பையைத் தேடி. போன மாசம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து தோசை மாவைக் கவிழ்த்துவிட்டு, கதவைச் சாத்தக்கூட இல்லை. இதைப் படிக்கிற சகோதரிகள் மலைக்கு வந்தால், தயவுசெய்து குழந்தை ஆசைப்படுகிறது என்று ஒரு வாழைப்பழம்கூடக் கொடுக்காதீர்கள். காட்டெருமையோடு செல்ஃபியும் வேண்டாம். உங்கள் கார் ஊருக்குத் திரும்பிப் போய்விடும்.

பக்கத்து வீட்டு அக்கா இப்போது மறுபடி வேலைக்குப் போகிறார். கால் கொஞ்சம் தாங்கித்தான் நடக்கிறார். முதல் நாள் அவர் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார், நிறுத்தவே இல்லை. மேஸ்திரி உட்பட யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எங்களுக்கு இன்னும் தீராத ஒன்று, எண்ணெய் வாசனைதான். பண்டிகை என்றால் பலகாரம் சுடாமல் இருக்க முடியுமா? போன தீபாவளிக்கு மத்தியானமே சுட்டு முடித்து, அடுப்படியைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, சுட்ட எண்ணெயைத் தூக்குப்போணியில் ஊற்றி இறுக மூடி அலமாரியில் பூட்டினேன். ஆனாலும் ராத்திரி வந்து ஜன்னலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் போனது. வால்பாறை, கூடலூர், கொடைக்கானல் பக்கம் இருக்கிற சகோதரிகள் இதற்கு ஏதாவது கைப்பக்குவம் வைத்திருந்தால், வருகிற கார்த்திகைக்குள் இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

– ஒரு இல்லத்தரசி, கோத்தகிரி