69-க்கு ஐம்பது சதவீதம், 70-க்கு இருபத்தஞ்சு: ஒரு மார்க்ல என்ன இருக்கு?

இந்த எபிசோட்ல மனோவியல் சோதனைகளைப் பத்திப் பேசப்போறோம். வேலைக்கு எடுக்கும்போது கம்பெனிகள் கொடுக்கிற பர்சனாலிட்டி டெஸ்ட், பத்து நிமிஷத்துல ஐ.க்யூ. சொல்றேன்னு வர்ற விளம்பரம், இதெல்லாம் நமக்குப் பழகினதுதான். மார்க் குறைஞ்சா சிரிச்சிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். ஆனா அதே மாதிரி ஒரு மார்க்கை நம்பி மாசச் செலவை ஓட்டுற குடும்பங்கள் இருக்கு. இன்னிக்கு அவங்க பக்கத்துல நின்னு பார்க்கலாம்.

ஒரு மாச வித்தியாசம்

என் ஊர் மீமிசல். கிழக்குக் கடற்கரைச் சாலையில கோட்டைப்பட்டினம் தாண்டி, தொண்டி போற வழியில இருக்கு. அங்க சரியா பத்து வயசு ஆன ஒரு பையன் இருக்கான்னு வச்சுக்குவோம். இது உதாரணத்துக்குத்தான், நிஜப் பையன் இல்ல. பேச்சு லேட்டாத்தான் வந்துச்சு, பள்ளிக்கூடத்துல கூட ஓட முடியல. வீட்டுல மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு அலையுறாங்க. அறந்தாங்கி வழியா புதுக்கோட்டை போய்த் திரும்பினா அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம்தான் வாசல்படி. தமிழ்நாடு அரசு அறிவுசார் குறைபாடு உள்ளவங்களுக்குக் கொடுக்கிற மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் இந்த 40 வேணும். அந்தச் சதவீதத்தை எப்படிக் கணக்குப் போடுறதுன்னு மத்திய அரசு 2018 ஜனவரியில வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு. வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல்ல 55-லிருந்து 69 வரை வாங்கினா 50 சதவீதம். 70-லிருந்து 84 வரைக்கும் 25 சதவீதம். நடுவுல படியே கிடையாது. 69 வாங்கினா வாசல் திறக்கும், 70 வாங்கினா மூடிடும்.

இந்த அளவுகோல் எப்படி வேலை செய்யுது? 1935-ல அமெரிக்காவுல எட்கர் டால் உருவாக்கினது. நாக்பூர்ல ஏ.ஜே. மாலின் அதை இந்தியாவுக்கு ஏத்த மாதிரி மாத்தினார். குழந்தை தானா என்னென்ன செய்யுதுன்னு வீட்டுல உள்ளவங்ககிட்ட கேட்டு, அதுல இருந்து 'சமூக வயசு' கணக்கிடுவாங்க. அதை நிஜ வயசால வகுத்து நூறால பெருக்கணும். நம்ம பையனுக்கு நிஜ வயசு 120 மாசம். சமூக வயசு 84 மாசம்னா மார்க் 70. 83 மாசம்னா 69. அதாவது, ஒரே ஒரு மாச வித்தியாசம். அம்மா ஒரு கேள்விக்கு "செய்வான்"னு சொல்றாங்களா, "அப்பப்போ செய்வான்"னு சொல்றாங்களாங்கிறதுலயே அந்த ஒரு மாசம் வந்து போயிடும்.

இன்னொண்ணு இருக்கு. "எம்புள்ள எல்லாம் செய்வான் சார்"னு பெருமையா சொல்ற அம்மாவுக்குச் சான்றிதழ் கிடைக்காம போகலாம். "ஒண்ணும் தெரியாது"ன்னு சொல்ற அம்மாவுக்குக் கிடைச்சிடலாம். அம்மாவோட பாசம் அங்க மார்க்கா மாறுது. அதனாலதான் வீட்டுல சொல்றதை மட்டும் நம்பாம, குழந்தையை நேர்ல பார்க்கணும், ஐ.க்யூ. டெஸ்ட்டும் பண்ணணும், பள்ளிக்கூடத்துலயும் விசாரிக்கணும்.

அளவு எவ்வளவு ஆடும்?

நான் சாஃப்ட்வேர் ஆள். ஒரு சர்வர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு ஒரே ஒரு தடவை பார்த்துட்டு ரிப்போர்ட் எழுதினா என் டீம்ல யாரும் ஒத்துக்க மாட்டாங்க. திரும்பத் திரும்ப அளந்து, எவ்வளவு ஆடுதுன்னும் சேர்த்துச் சொல்லணும். மனுஷன் மூளைக்கு மட்டும் ஒரு தடவை அளந்தா போதுமா?

நல்ல டெஸ்ட் செய்றவங்க இதுக்குக் கணக்கு வச்சிருக்காங்க. அதுக்கு 'அளவீட்டுப் பிழை'ன்னு பேரு. ஒரு ஐ.க்யூ. டெஸ்ட்டோட திட்ட விலக்கம் 15, நம்பகத்தன்மை 0.96-னு எடுத்துக்குவோம். இது ரொம்ப நல்ல டெஸ்ட். அதுலயே பிழை 3 வரும். 95 சதவீத உறுதியோட சொல்லணும்னா மேலயும் கீழயும் கிட்டத்தட்ட 6. அப்போ ரிப்போர்ட்ல 70-னு இருந்தா, அது 64-லிருந்து 76-க்குள்ள எங்கயோன்னுதான் அர்த்தம்.

இதுல உயிரே தொங்கின வழக்கு ஒண்ணு இருக்கு. அறிவுசார் குறைபாடு உள்ளவங்களுக்கு மரண தண்டனை கூடாதுன்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-ல சொல்லிடுச்சு. ஆனா ஃப்ளோரிடா மாநிலம் 70-னு ஒரு கோடு போட்டு, அதுக்கு மேல ஒரு மார்க் இருந்தாலும் வேற ஆதாரம் பார்க்க மாட்டேன்னுச்சு. ஃப்ரெடி லீ ஹால்ங்கிற கைதி வாங்கினது 71. அளவீட்டுப் பிழையைக் கணக்குல எடுக்காம இப்படிக் கோடு போடுறது செல்லாதுன்னு 2014-ல தீர்ப்பு வந்துச்சு.

எதை அளக்கிறோம்?

அளவு ஆடாம இருந்தாலும், சரியான பொருளைத்தான் அளக்குதான்னு ஒரு கேள்வி இருக்கு. 'லிஃப்ட்ல போனா என்ன பண்ணுவே?'ன்னு நான் ஒரு கேள்வி செய்றேன்னு வைங்க. மீமிசல் பையன் முழிப்பான். வாடைக்காத்துக்கும் கொண்டலுக்கும் வித்தியாசம் கேட்டா, சென்னைப் பையன் முழிப்பான். ரெண்டுலயும் அளக்கப்பட்டது பழக்கம், புத்தி இல்ல. இந்தக் கேள்விகள் நானா செஞ்சது. நிஜ டெஸ்ட் கேள்விகளை இப்படி வெளியில சொல்லக் கூடாது. முன்னாடியே தெரிஞ்சுட்டா டெஸ்ட்டே செத்துடும். அதுவும் இந்தத் துறையோட நெறிகள்ல ஒண்ணு.

எட்கர் டாலுக்கு இந்தப் பிரச்சனை புரிஞ்சிருந்துச்சு. 'செய்யத் தெரியல'ங்கிறதையும் 'செய்ய வாய்ப்பே கிடைக்கல'ங்கிறதையும் பிரிச்சுக் குறிக்க அவரோட அளவுகோல்ல இடம் இருக்கு. தனியா கடைக்கே அனுப்பாத பொண்ணைப் பத்தி "கடைக்குப் போவாளா?"ன்னு கேட்டா, "போக மாட்டா"ங்கிற பதிலுக்கு ரெண்டு அர்த்தம் வரும். அவசரத்துல பத்து நிமிஷத்துல முடிக்கிறவங்க கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பழைய டெஸ்ட்லயும் ஆபத்து இருக்கு. தலைமுறைக்குத் தலைமுறை சராசரி மார்க் ஏறிக்கிட்டே வந்ததை ஜேம்ஸ் ஃப்ளின் காட்டினார். பத்து வருஷத்துக்குச் சுமாரா 3 புள்ளி. அப்போ ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி எடுத்த சராசரியோட இன்னிக்குக் குழந்தையை ஒப்பிட்டா மார்க் கூடுதலா வரும். உதவி தேவைப்படுற பிள்ளை கோட்டுக்கு மேல போயிடும்.

டெஸ்ட் யார் கையில?

1905-ல பாரிஸ்ல ஆல்ஃப்ரெட் பினே முதல் டெஸ்ட்டைச் செஞ்சது, படிப்புல தனி உதவி தேவைப்படுற பிள்ளைகளைக் கண்டுபிடிக்க. அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர் ஹென்றி காடர்ட். வைன்லாண்ட் பள்ளியில ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினவர். 1913-ல எல்லிஸ் தீவுல வந்து இறங்கின புலம்பெயர்ந்தவங்க மேல அவரோட ஆட்கள் இந்த டெஸ்ட்டை நடத்தி, நிறைய பேரை 'மந்த புத்தி'ன்னு முத்திரை குத்தினாங்க. உதவி செய்யப் பிறந்த கருவி, ஆளை வெளியே தள்ளப் பயன்பட்டுச்சு.

அதனாலதான் சில நெறிகள் வந்துச்சு. எதுக்காக டெஸ்ட்னு சொல்லி, சம்மதம் வாங்கணும். இந்திய மறுவாழ்வுக் கழகத்துல பதிவு செஞ்ச, தகுதியுள்ள நிபுணர் நடத்தணும். முடிவைக் குடும்பத்துக்குப் புரியுற மொழியில விளக்கணும், மத்தவங்ககிட்ட சொல்லக் கூடாது. ஒரே எண்ணை வச்சு முடிவு எடுக்கக் கூடாது. சம்மதம்னா சும்மா இல்ல. 2010-ல செல்வி வழக்குல, நார்கோ, பாலிகிராஃப், பிரெய்ன் மேப்பிங் எதையும் யார் மேலயும் கட்டாயமா நடத்தக் கூடாதுன்னு நம்ம உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு.

உங்க சொந்தத்துல, தெருவுல யாராவது சான்றிதழுக்குப் போனா கூடப் போங்க. எந்த டெஸ்ட், எந்த மொழியில, எவ்வளவு நேரம் நடந்துச்சுன்னு கேளுங்க. ரிப்போர்ட்ல ஒத்தை எண் மட்டும் இருந்தா, பிழை வரம்பு என்னன்னு கேளுங்க. முடிவு திருப்தி இல்லைன்னா மேல்முறையீடு செய்ய அதே சட்டத்தோட 59-வது பிரிவுல உரிமை இருக்கு. நிறைய வீடுகளுக்கு அது தெரியாது. நீங்க சொன்னாத்தான் தெரியும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.