பெரிய மனிதர் முன்னால் தொண்டை ஏன் அடைக்கிறது?



“வீட்டுல நல்லாத்தான் பேசிப் பார்த்தேண்ணே, உள்ளே போனதும் ஒரு வார்த்தை வரல” என்று புலம்பாதவர்கள் நம் ஊரில் குறைவு. கலெக்டர், எம்.எல்.ஏ., பெரிய டாக்டர், பிள்ளைக்கு சீட் கேட்கப் போன கல்லூரியின் தாளாளர் என்று எதிரே இருக்கும் ஆள்தான் மாறுகிறார். உள்ளங்கை வேர்ப்பதும் தொண்டை அடைப்பதும் மாறுவதில்லை. வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ‘நம்ம தகுதி அவ்வளவுதான்’ என்று முடிவு கட்டிக்கொண்டு, அடுத்த முறை புரோக்கரைத் தேடிப் போய்விடுகிறார்கள். தகுதிக்கும் இந்த நடுக்கத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் கிர்ஷ்பாம் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1993-ல் ஒரு சோதனை முறையை வெளியிட்டார்கள். வந்தவரை ஓர் அறைக்குள் அனுப்புவார்கள். எதிரே வெள்ளைக் கோட்டு போட்ட சிலர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மைக், ஒரு கேமரா. வேலைக்கு விண்ணப்பித்தவர் போல ஐந்து நிமிடம் தன்னைப் பற்றிப் பேச வேண்டும். அது முடிந்ததும் 1022-லிருந்து 13, 13-ஆகக் கழித்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். தப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து. எதிரே இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள், தலையாட்ட மாட்டார்கள், முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டார்கள். அவ்வளவுதான் சோதனை. அடியில்லை, திட்டில்லை. ஆனாலும் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து நான்கு மடங்கு வரை ஏறியது.

இதே மாதிரி 208 ஆய்வுகளை டிக்கர்சன், கெமினி என்ற இருவர் 2004-ல் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். உடம்பை அதிகமாக உலுக்குபவை இரண்டு என்று தெரிந்தது. ஒன்று, அடுத்தவர் நம்மை எடை போடுகிறார் என்ற எண்ணம். மற்றது, நடப்பது எதுவும் நம் கையில் இல்லை என்ற நிலை. இரண்டும் சேர்ந்தால் கார்டிசால் உச்சத்துக்குப் போகிறது. பெரிய அதிகாரியின் அறை என்பது இந்த இரண்டும் ஒன்றாகக் கூடும் இடம். உங்கள் குரல் கம்மியதற்குக் காரணம் இதுதான். ஐ.ஏ.எஸ். அதிகாரியைத் தலைமைச் செயலர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் அவருக்கும் கம்மலாம்.

சரி, இதைக் குறைப்பது எப்படி? நெஞ்சை நிமிர்த்தி, இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டுப் போனால் தைரியம் வரும் என்று ஒரு யோசனை உலகம் முழுக்கச் சுற்றியது. 2010-ல் அமெரிக்காவில் 42 பேரை வைத்துச் செய்த ஆய்விலிருந்து கிளம்பியது அது. உடம்பை விரித்து வைத்துக்கொண்டால் ஹார்மோனே மாறுகிறது என்றார்கள். 2015-ல் 200 பேரை வைத்து வேறு குழு செய்து பார்த்தபோது, அப்படிச் செய்தவர்கள் தங்களுக்குத் தெம்பு வந்ததாகச் சொன்னார்கள், ஹார்மோனில் மட்டும் மாற்றம் தெரியவில்லை. முதல் ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான டேனா கார்னி, தனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று 2016-ல் வெளிப்படையாக அறிவித்தார். நிமிர்ந்து நிற்பது நல்லதுதான், நில்லுங்கள். அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது கலிபோர்னியாவில் 2005-ல் கிரெஸ்வெல் குழு செய்த ஆய்வு. மேலே சொன்ன டிரியர் சோதனைக்குள் போகும் முன்பு, சிலரைத் தங்கள் வாழ்க்கையில் தாங்கள் மிகவும் மதிக்கும் விஷயத்தைப் பற்றி யோசிக்க வைத்தார்கள். மற்றவர்களுக்குத் தாங்கள் பெரிதாக மதிக்காத விஷயத்தைக் கொடுத்தார்கள். முதல் கூட்டத்துக்குக் கார்டிசால் குறைவாகவே ஏறியது. ஒரே ஆய்வை வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இதில் இருக்கும் நியாயம் எனக்குப் புரிகிறது. முப்பது வருஷம் நெல் விளைவித்தவர், மூன்று பிள்ளைகளைத் தனியாளாகப் படிக்க வைத்தவர், தறியில் விரல் தேய்ந்தவர் ஆகியோரின் மதிப்பு அந்த மேஜைக்குப் பின்னால் இருப்பவர் கொடுத்ததல்ல. அவர் எடுத்துக்கொள்ளவும் முடியாது. உள்ளே போவதற்குப் பத்து நிமிடம் முன்பு அதை நினைத்துக்கொண்டால், எடை போடுகிறாரே என்ற பயம் தன் அளவுக்குச் சுருங்கிவிடும்.

அடுத்தது, நம் கையில் என்ன இருக்கிறது என்பது. ஒரு திங்கட்கிழமை காலையில் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போய் ஓரமாக நின்று பாருங்கள். மனு கொடுப்பவர்களில் ஒரு சாரார், “அம்மா, நீங்கதான் தெய்வம், எங்க குடும்பத்தையே நீங்கதான் காப்பாத்தணும்” என்று தொடங்குவார்கள். தாத்தா காலத்துச் சண்டையிலிருந்து கதை வரும். டபேதார் “சீக்கிரம், சீக்கிரம்” என்பார். என்ன வேண்டும் என்ற இடத்துக்கு வரும் முன்பே மனு அடுத்த கைக்குப் போய்விடும்.

இன்னொரு சாரார் பிளாஸ்டிக் கவரைப் பிரித்து மேலே இருக்கும் தாளை மட்டும் நீட்டுவார்கள். “வணக்கம்மா. உட்பிரிவு பட்டா மாறுதல். மனு கொடுத்து எட்டு மாசம் ஆச்சு, ரசீது இது. சர்வேயர் அளந்துட்டாரு, தாலுகாவுல ஃபைல் நிக்குது. எந்தத் தேதிக்குள்ள முடியும்னு சொல்லணும்.” சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். பேசாமல் நிற்கும் அந்த ஐந்து விநாடி இருக்கிறதே, அதுதான் கஷ்டம். பயம் அந்த இடைவெளியில்தான் மறுபடி பேசச் சொல்லி நெருக்கும். நின்றுவிட்டால் கலெக்டர் தாசில்தார் பக்கம் திரும்பித்தான் ஆக வேண்டும். இந்த இரண்டாவது வகையினர் படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. எதற்காக வந்தோம் என்பது ஒரே வாக்கியத்தில் மனசில் இருக்கிறது, கையில் காகிதம் இருக்கிறது, அவ்வளவுதான்.

காகிதத்தின் பலத்தை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது 2005-ல். தமிழ்நாட்டில் 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டால், பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். ‘இது உனக்கு எதுக்கு?’ என்று காரணம் கேட்க அவருக்கு உரிமை இல்லை, சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. அந்த மேஜைக்கு முன்னால் கெஞ்சி நிற்க வேண்டிய பல விஷயங்கள் உண்மையில் நமக்குச் சேர வேண்டியவை. இதைத் தெரிந்துகொண்டு போகிறவரின் நடையே வேறாக இருக்கும்.

எல்லாப் பயமும் மனசில் மட்டும் இருப்பதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். எதிரே இருப்பவர் நிலத்தைப் பிடுங்க முடியும், வேலையைக் கெடுக்க முடியும், சாதி பலத்தைக் காட்ட முடியும் என்ற இடத்தில் ‘தைரியமா இரு’ என்று தனி மனிதருக்கு உபதேசம் செய்வது கொடுமை. அங்கே துணை வேண்டும். அமெரிக்காவில் ஸ்டான்லி மில்கிராம் 1960-களில் செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். அதிகாரி சொன்னார் என்பதற்காக, அடுத்தவருக்கு 450 வோல்ட் வரை ஷாக் கொடுப்பதாக நம்பிக்கொண்டு 40 பேரில் 26 பேர் பொத்தானை அழுத்தினார்கள். அந்த 26 மட்டும்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதே சோதனையை வேறு விதமாகச் செய்தபோது, பக்கத்தில் இருந்த இரண்டு பேர் நடுவிலேயே ‘முடியாது’ என்று எழுந்துகொண்டார்கள். அப்போது கடைசி வரை போனது 40 பேரில் 4 பேர்தான். பக்கத்தில் இருப்பவர் வாதாடக்கூட வேண்டாம், நம்மோடு நின்றாலே பாதி பாரம் இறங்கும். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போவதை யாரும் கோழைத்தனமாக நினைக்க வேண்டாம்.

பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நான் அடிக்கடி நினைக்கும் சம்பவம் ஒன்று உண்டு. 1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவின் விமான நிலையம், அடர்ந்த மூடுபனி. கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் வான் சான்டன், அந்த நிறுவனத்திலேயே பெரிய பயிற்சியாளர், விளம்பரங்களில் வந்த முகம். பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு அந்த வகை விமானம் ஓட்டத் தகுதிச் சோதனை நடத்தியவரும் அவர்தான். கேப்டன் அவசரப்பட்டு விமானத்தை நகர்த்தியபோது, இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி ஒருமுறை தடுத்தார். இரண்டாவது முறை அவர் அழுத்திச் சொல்லவில்லை. எதிரே பான் ஆம் விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று பொறியாளர் சந்தேகமாகக் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னதும் அடங்கிவிட்டார். சில விநாடிகளில் இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள். விமான விபத்துகளில் இன்றுவரை இதுதான் மிகப் பெரியது.

1979-ல் நாசா கூட்டிய பட்டறையைத் தொடர்ந்து விமானிகளுக்குப் புதுப் பயிற்சி வந்தது. ‘தைரியமாகப் பேசு’ என்று அதில் சொல்லிக்கொடுத்து விட்டுவிடவில்லை, பேசுவதற்கு ஒரு வரிசையைக் கொடுத்தார்கள். அழைத்துக் கவனத்தைத் திருப்பு, கவலையைச் சொல், பிரச்சினையைச் சொல், என்ன செய்யலாம் என்று சொல், ஒப்புதல் கேள். நம் ஆஸ்பத்திரியில் இது இப்படி வரும்: “டாக்டர், ஒரு நிமிஷம். எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு. அப்பாவுக்கு பென்சிலின் ஒத்துக்காது. ஊசி போடறதுக்கு முன்னால பழைய சீட்டைப் பாத்துடலாமா?” இதில் மரியாதைக்குக் குறைவு எங்கே இருக்கிறது? நடுங்கும் குரலில் சொன்னாலும் வேலை நடக்கும்.

பயத்தைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசிவிட்டோம். எனக்கு இதைவிடக் கவலை தருவது மயக்கம். வடிகால் பிரச்சினைக்காக எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகிறார் ஒருவர். எம்.எல்.ஏ. தோளில் கை போட்டு, “வாங்கண்ணே, நம்ம ஆளு” என்கிறார். காபி வருகிறது. போட்டோ எடுக்கிறார்கள். தெருவுக்கு வந்து பார்த்தால் கையில் போட்டோ இருக்கிறது, வடிகாலைப் பற்றிப் பேசவே இல்லை. பயந்து ஊமையானவரும் மயங்கி ஊமையானவரும் தங்கள் எடையை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டவர்கள்தான். அன்பாகப் பேசுகிறவரிடம் அன்பாகப் பேசுங்கள், காபியையும் குடியுங்கள். எழுந்திருக்கும் முன் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள்.

இதில் நமக்குப் பழைய முன்னோடி ஒருவர் உண்டு, சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார். அதியமானைப் பார்க்கப் போனார். அதியமான் அவரை நேரில் பார்க்காமலேயே பரிசைக் கொடுத்தனுப்பினான். பார்க்காமல் கொடுப்பதை வாங்கிக்கொள்ளத் தான் வியாபாரி அல்ல என்று மறுத்துவிட்டார் புலவர். தன் தகுதி அறிந்து கொடுத்தால் தினை அளவும் போதும் என்றார். இது புறநானூற்றில் 208-வது பாட்டு. அதே மனிதரின் வீட்டுப் பசியைப் பற்றிய பாட்டுகளும் அதே தொகுப்பில் இருக்கின்றன, அதனால்தான் அந்த மறுப்பு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வயிறு நிறைந்தவர் வேண்டாம் என்பது எளிது. அரசனை அவர் திட்டவும் இல்லை, தன்னை உயர்த்திக் காட்டவும் இல்லை. எனக்கு இது சரிப்படாது என்று காரணத்தோடு சொன்னார்.

அதனால் அடுத்த முறை போகும்போது என்ன வேண்டும் என்பதை நான்கு வரியில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். வாசலில் இருக்கும் டபேதாருக்கும் உள்ளே இருக்கும் கலெக்டருக்கும் ஒரே மாதிரி வணக்கம் வையுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும், சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லுங்கள். மனு கொடுத்தால், ரசீது வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.