பெயர், ஊர், செயல்: லாபுத் தோட்டங்களின் நினைவுக் குறிகள்

தமிழர் தம் நினைவைக் கல்லில் எழுதி வைத்த மரபு மிகத் தொன்மையானது. நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியப் பொருளதிகாரம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக வகுத்துரைக்கிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட நடுகற்களுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆநிரைப் பூசலில் உயிர்நீத்த ஒருவனுக்காக நடப்பட்டது. அதன் வாசகம் மிகச் சுருக்கமானது. எனினும் இறந்தவனின் பெயர், ஊர், செயல் ஆகிய மூன்றும் அதில் அடங்கிவிட்டன.

மன்னர்க்கு மட்டுமே கல் என்னும் வரையறை நம் முன்னோரிடம் இருந்ததில்லை. செங்கம் வட்டாரத்து எடத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. அதில் வீரனின் அருகே ஒரு நாயின் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்வெட்டு தெரிவிக்கிறது. காவல் காத்த நாய்க்கும் பெயர் பொறித்த சமூகம் நம்முடையது. அச்சமூகத்திலிருந்து கடல் கடந்து வந்து, மலாயாவின் காடுகளைத் தோட்டங்களாக்கிய முன்னோடிகளின் பெயர்கள் எங்கே பொறிக்கப்பட்டுள்ளன? இக்கேள்வியை நெகிரி செம்பிலான் மாநிலத்து லாபுவை முன்வைத்து ஆராய்வதே நம் நோக்கம்.

முன்னோடிகள் வந்த வழி

லாபு, சிரம்பான் மாவட்டத்தில் நீலாய்க்கும் சிரம்பானுக்கும் இடையே அமைந்த தொடர்வண்டிப் பாதையோர ஊர். அதைச் சூழ்ந்திருந்த தோட்டங்களின் கதை, மலாயா ரப்பரின் பொதுக் கதையோடு பிணைந்தது. 1876இல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்திற்கு ரப்பர் விதைகள் கொண்டு செல்லப்பட்டன. அடுத்த ஆண்டே 22 நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் ஒன்பது பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாய்க்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்குக் கரை மாநிலங்களெங்கும் ரப்பர் பரவியது.

மரம் வந்த வழி இவ்வாறு பதிவாகியிருக்கிறது. கோலகங்சாரில் இன்றும் நிற்கும் பழைய ரப்பர் மரத்தின் அருகே அதன் வரலாற்றைக் கூறும் பலகையும் உண்டு. அம்மரத்தின் வழித்தோன்றல்களைச் சீவிய கைகளின் வரலாறு அத்தகைய பலகை எதனையும் பெறவில்லை.

அக்கைகளுக்குரியோர் பெரும்பாலும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து நாகப்பட்டினம், சென்னைத் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறியவர்கள். பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கித் தொற்றுத்தடுப்பு முகாம்களில் தங்கியபின் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலி முறை நிலவியது. 1910இல் அது நிறுத்தப்பட்டது. அதனுடன் இணைந்து வளர்ந்த கங்காணி முறையில், தோட்டத்துக் கங்காணி தன் ஊருக்குச் சென்று உற்றாரையும் ஊராரையும் அழைத்து வந்தார். 1907இல் அமைக்கப்பட்ட தமிழர் குடிநுழைவு நிதி அவர்களின் பயணச் செலவை ஏற்றது. 1938இல் இந்திய அரசு இவ்வகைப் புலப்பெயர்வைத் தடை செய்தது. அதன்பின் தோட்டத் தமிழ்ச் சமூகம் பெரும்பாலும் இங்கே பிறந்தவர்களாலேயே வளர்ந்தது.

பெயரின்மையின் விலை

நினைவுக் குறி இல்லாமற்போவதால் நேரும் இழப்பு எத்தகையது? அதற்குச் சயாம் மரண இரயில்பாதையே சான்று. 1942-43இல் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர்ப் பாதையின் பணிக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்தொகையாகக் கொண்டு செல்லப்பட்டனர்; பல்லாயிரவர் திரும்பவேயில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் நேசநாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக அமைந்துள்ளன. மிகப் பலவற்றில் பெயர், அகவை, படைப்பிரிவு ஆகியன பொறிக்கப்பட்டுள்ளன. அதே பாதையில் மாண்ட தோட்டத் தொழிலாளர்க்கு அத்தகைய வரிசை இல்லை. படைகளிடம் பெயர்ப்பட்டியல் இருந்தது. தொழிலாளர்களோ எண்ணிக்கையாக மட்டுமே கருதப்பட்டனர். எழுதப்படாத பெயரைப் பின்னர்த் தேடி எடுப்பது எத்துணை அரிது என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

லாபுவில் எஞ்சியுள்ள குறிகள்

கல் இல்லை என்பதனால் குறியே இல்லை என்று முடிவுசெய்தல் வேண்டா. லாபு வட்டாரத்தில் நாள்தோறும் நாம் கடந்து செல்லும் குறிகள் சில உள்ளன.

முதலாவது, பள்ளியின் பெயர். லாபுத் தோட்டம் பிரிவு 1, லாபுத் தோட்டம் பிரிவு 4, கெர்பி தோட்டம் என்னும் தமிழ்ப்பள்ளிப் பெயர்களை நாம் அறிவோம். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பள்ளி வயதுக் குழந்தைகள் இருக்கும் தோட்டங்களில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. இன்று நாட்டில் உள்ள தமிழ்ப்பள்ளிகள் பலவற்றுக்குத் தோட்டமே பிறப்பிடம். "பிரிவு" என்னும் சொல்லும் ஒரு வரலாற்றுச் சான்றே. பெருந்தோட்டங்கள் நிர்வாக வசதிக்காகப் பிரிவுகளாக்கப்பட்டன. பிரிவுக்கெனத் தனி லயங்களும் பெரட்டுக்களமும் இருந்தன. ஒன்றும் நான்கும் பள்ளிப் பெயர்களில் நிற்கின்றன. இரண்டும் மூன்றும் எங்கே இருந்தன, அங்கே வாழ்ந்தோர் எங்குச் சென்றனர் என்று ஒரு மாணவர் வினவுவாராயின், அவ்வினாவே வரலாற்று ஆய்வின் தொடக்கமாகும்.

இரண்டாவது, கோயில். தோட்டந்தோறும் மாரியம்மனுக்கும் முனீஸ்வரருக்கும் தொழிலாளர்கள் எழுப்பிய கோயில்களில், மணியிலும் சூலத்திலும் திருப்பணிக் கல்லிலும் உபயதாரர் பெயரும் ஆண்டும் காணப்படுவதுண்டு. எளிய தொழிலாளி ஒருவரின் பெயர் உலோகத்திலோ கல்லிலோ பொறிக்கப்பட்ட ஒரே இடம் பல வேளைகளில் அதுவே. ஆனால் கோயில் நின்ற நிலம் பெரும்பாலும் நிறுவனத்திற்குரியது. நிலம் கைமாறும்போது கோயில் இடம்பெயர்கிறது. புதுப்பிக்கும்போது பழைய கல் அகற்றப்படுகிறது.

மூன்றாவது, மொழி. பொழுது விடியுமுன் ஆட்கணக்கு எடுக்கும் "பெரட்டு", வரிசை வீடுகளாகிய "லயம்", ஒருவர்க்கு ஒதுக்கப்பட்ட மரங்களாகிய "நிரை", பால் வடியும் "மங்கு", வெட்டுத் தடத்தில் உறைந்து நிற்கும் "ஒட்டுப்பால்", கணக்கு எழுதும் "கிராணி", குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் "ஆயாக்கொட்டகை" ஆகிய சொற்களை எண்ணிப் பாருங்கள். ரப்பரைக் குறிக்கும் "கித்தா", மலாய்மொழியின் கெத்தா என்பதிலிருந்து வந்தது. "பெரட்டு"ம் "லயமு"ம் ஆங்கிலச் சொற்கள் தமிழ் நாவில் உருமாறியவை. "நிரை"யும் "ஒட்டுப்பாலு"ம் தமிழ் வேர் கொண்டவை. மூன்று மொழிகள் ஒரே வேலைத்தலத்தில் கலந்த வரலாற்றை இச்சிறு சொற்பட்டியலே கூறிவிடுகிறது. ஆநிரைக்கு வழங்கிய அதே சொல் பால்மர வரிசைக்கும் வழங்கியது நம் கருத்தில் நிறுத்தத்தக்கது.

காலத்தின் நெருக்கடி

இக்குறிகள் நிலையானவை அல்ல. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது; செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் வருகின்றன. 1998இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறக்கப்பட்டபின் இவ்வட்டாரம் முழுவதும் வளர்ச்சிப் பாதைக்குள் வந்தது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லாபுவிலேயே மலிவுக் கட்டண விமான நிலையம் ஒன்று அமைக்கத் திட்டமிடப்பட்டு, விரைவிலேயே கைவிடப்பட்டது. ஒரு தோட்டத்தின் எதிர்காலம் சில வாரங்களுக்குள் ஒருமுறை மாறி மீண்டும் மாறக்கூடும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. வளர்ச்சியை மறுப்பது நம் கருத்தன்று. லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் நல்ல வீடுகளில் வாழ்வது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், லயம் இடிக்கப்படுமுன் அது நின்ற இடத்தைக் குறித்து வைப்பது வளர்ச்சிக்கு எவ்வகையிலும் தடையாகாது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் இவ்வகையில் நோக்கத்தக்கது. மாட்டுப்பண்ணைகள் மிகுந்த அம்மாநிலத்தின் 254 வட்டாரங்களிலும் சாலையோரமாக வரலாற்றுப் பலகைகள் நிற்கின்றன. அவற்றின் எண்ணிக்கை பதினாறாயிரத்துக்கும் மேல். ஊர்மக்களே சான்றுகளோடு விண்ணப்பிக்கலாம். வட்டார வரலாற்றுக் குழு அதனை ஆராயும். செல்வாக்குடையோரின் நினைவே மிகுதியாகப் பதிவாவதை உணர்ந்து, போதிய அளவில் சொல்லப்படாத வரலாறுகளுக்கெனத் தனித்திட்டமும் அங்கு வகுக்கப்பட்டுள்ளது.

நம் நாட்டிலும் வழி உண்டு. 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் கட்டடங்களோடு மொழி, வாய்மொழி, இசை முதலிய தொட்டுணர இயலா மரபுகளையும் மரபுடைமையாக ஏற்கிறது. அச்சட்டத்தின் கவனத்தை ஈர்ப்பதற்கும் முதலில் ஆவணம் வேண்டும்.

வகுப்பறையில் செய்யத்தக்கன

ஆவணப்படுத்தும் பணியை ஒரு வகுப்பே தொடங்கிவிடலாம். மாணவர் குழு ஒவ்வொன்றும் பள்ளி, கோயில், இடுகாடு, பெரட்டுக்களம், கிணறு ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யட்டும். நடுகல் விடையளித்த மூன்று வினாக்களையே அக்குழு எழுப்பட்டும்: யார், எந்த ஊர், என்ன செய்தார்? கிடைத்த விடையை நாற்பது சொற்களுக்குள் பலகை வாசகமாக எழுதட்டும். குறைந்த சொற்களில் உண்மையைக் கூறும் பயிற்சி சிறந்த மொழிப் பயிற்சியுமாகும்.

அவ்வாறு எழுதுங்கால் கருத வேண்டிய நெறிகள் ஐந்து. ஆவணச் சான்று இருந்தாலொழிய ஆண்டைக் குறித்தல் கூடாது. முதியோர் நினைவிலிருந்து பெற்ற செய்தியை "முதியோர் கூற்று" என்றே குறிக்க வேண்டும். கிராணிகள் ஆங்கிலத்தில் எழுதிய பெயர்கள் திரிந்திருக்கும். உறவினரிடம் கேட்டுத் தமிழ் வடிவத்தை மீட்டெழுத வேண்டும். கங்காணி, துரை ஆகியோர் பெயர்கள் எளிதில் கிடைக்கும். பால் வெட்டிய, களை பறித்த பெண்களின் பெயர்களை நாம்தாம் முயன்று தேட வேண்டும். உயிரோடிருப்போர் பற்றிய செய்தியை அவர்தம் இசைவின்றி வெளியிடுதல் கூடாது.

பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு இதற்குப் பெரிதும் துணைபுரியும். அதில் குழந்தையின் பெயரோடு தந்தை பெயரும் தொழிலும் பதிவாகியிருக்கக்கூடும். கறையான் அரிக்குமுன் அவ்வேட்டைப் படமெடுத்துப் பாதுகாப்பது ஒருநாள் பணியே. ஆசிரியர் ஒருவர் அதற்கு முன்னின்றால் போதும்.

நடுகல் எடுத்தலின் முதல் நிலையாகிய காட்சி என்பது, நடுதற்குரிய கல்லைத் தேடிக் காண்டல். லாபுவில் நாம் இன்று நிற்பது அந்நிலையிலேயே. பள்ளிப் பெயரும் கோயில் மணியும் பாட்டியின் சொல்லும் நம் கண்முன் உள்ளன. அவற்றைக் கண்டு, கேட்டு, எழுதி வைப்போமாயின், பலகை நாட்டும் காலம் வரும்போது அதில் பொறிக்கப் பெயர்கள் இருக்கும்.