வலி நின்ற பல்லுக்கு உறை எதற்கு?

வேர்ச் சிகிச்சை முடிந்து வலி அடங்கியதும் நோயாளிகளுள் பலர் திரும்ப வருவதில்லை. பல்லுக்கு உறை போட இன்னும் ஓரிரு முறை வர வேண்டும் என்று சீட்டில் எழுதியே கொடுக்கிறோம். ஆனால் பண்ருட்டியிலிருந்தோ கடலூர் முதுநகரிலிருந்தோ சிதம்பரம் வந்து திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. வலிதான் இல்லையே என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. சில மாதங்கள் கழித்து அதே பல் பிளந்த நிலையில் அவர்களை மீண்டும் காண்கிறோம். வேர் வரை பிளந்த பல்லைப் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டியிருக்கிறது.

பல்லின் நடுவே பற்கூழ் என்னும் மென்மையான திசு உள்ளது. நரம்பும் இரத்தக் குழாய்களும் அதனுள் ஓடுகின்றன. சொத்தை அதனை எட்டினால் அது அழற்சியுறுகிறது. சுற்றிலும் கெட்டியான சுவர் இருப்பதால் வீங்க இடமில்லை. இரவில் படுத்ததும் காது வரை தெறிக்கும் வலிக்குக் காரணம் இதுவே. பிறகு ஒரு நாள் வலி தானாகவே நின்றுவிடும். பற்கூழ் இறந்துபோனதால் நின்ற வலியாக அது இருக்கக்கூடும். கிருமிகளோ வேர் நுனி வழியே தாடை எலும்பை நோக்கிச் செல்கின்றன. மருந்துக் கடையில் வாங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை இதனைக் குணப்படுத்தாது. இறந்த பற்கூழில் இரத்த ஓட்டம் இல்லாததால் மருந்து அங்கே சென்று சேர வழியில்லை. கிராம்புத் தைலம் சிறிது நேரம் மரத்துப்போகச் செய்யும், அவ்வளவே.

சிகிச்சையின்போது மரத்துப்போகும் ஊசி போட்டு, பல்லின் மேற்புறம் துளையிட்டு, மெல்லிய கருவிகளால் வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்கிறோம். கீழ்த் தாடையின் முதற் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் மூன்று குழாய்கள் இருக்கும். மேல் தாடையில் பல வேளைகளில் நான்கு. அந்த நான்காவது மிகக் குறுகலானது. தேடிக் கண்டுபிடிக்கவே நேரமாகும். ஒரு பல்லுக்கு இவ்வளவு நேரமா என்று வெளியே காத்திருக்கும் உறவினர்கள் கேட்பதற்கு இதுவும் ஒரு விடை. கழுவி உலர்த்திய குழாய்களைக் கட்டா பெர்ச்சா கொண்டு அடைக்கிறோம். மலாய் நாட்டு மரப்பாலிலிருந்து கிடைக்கும், ரப்பரை ஒத்த பொருள் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு மேலுறையாக இருந்ததும் அதுவே.

இத்துடன் தொற்று நீங்குகிறது, பல் வலுப்பெறுவதில்லை. சொத்தை அரித்தது போக எஞ்சிய சுவர்கள் மெலிந்து நிற்கின்றன. அந்தப் பல்லால் பொங்கல் கரும்பைக் கடித்தாலோ கொட்டைப் பாக்கை உடைத்தாலோ, ஆப்பு இறக்கிய விறகைப் போல் பிளக்கலாம். மக்கள் ‘கேப்’ என்று சொல்லும் உறை, சுவர்களைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. வெளியே தெரியாத கடைவாய்ப்பல்லுக்கு விலை குறைந்த உலோக உறையே போதும் என்பது எங்கள் கருத்து. முன்பற்களுக்குச் சேதம் குறைவாயின் உறையே தேவைப்படாமலும் போகலாம்.

செலவு கருதித் தயங்குவோர், சிதம்பரத்தில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாக 1980-இல் தொடங்கப்பெற்று, இன்று அரசு நிர்வாகத்தில் இயங்கும் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். பயிற்சி மருத்துவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை செய்வதால் நேரம் சற்றுக் கூடும்.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆறு வயதளவில், பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் நிலையானது. விழுந்து முளைக்கும் என்று அதன் சொத்தையை விட்டுவிடக் கூடாது.

முதியோரை அழைத்து வருவோர் அவர்கள் உண்ணும் மாத்திரைகளின் சீட்டையும் கொண்டு வருக. சர்க்கரை நோய் இருப்பின் முன்னரே சொல்லுங்கள். இதய நோய்க்காக உண்ணும் இரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளைத் தாமாக நிறுத்த வேண்டாம். பல்வலியுடன் காய்ச்சல் கண்டு, தாடையின் அடியில் வீக்கம் பரவி, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால் விடியும் வரை காத்திராமல் 108-ஐ அழைத்து, அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.