நான்கு வட்டார வழக்குகள், விரல்விட்டு எண்ணும் அளவில் பேச்சாளர்கள்: அலாஸ்காவின் டெனாய்னா மொழி பிழைக்குமா?

அலாஸ்காவின் மிகப்பெரிய நகரம் ஆங்கரேஜ். அது இருக்கும் மண்ணின் பூர்வகுடிகள் டெனாய்னா மக்கள். அவர்கள் மொழியில் தேநீருக்குப் பெயர் 'சாயி'. நம்ம ஊர் 'சாயா' மாதிரி இருக்கே என்று தோன்றுகிறதா? இரண்டுக்கும் மூலம் ஒரே சீனச் சொல்தான். அவர்களிடம் அது ரஷ்ய வணிகர்கள் வழியாகப் போய்ச் சேர்ந்தது.

இது என்ன மொழி?

நவஹோ மொழி இருக்கும் அதே அத்தபாஸ்கன் குடும்பம். இம்மொழிகளில் வினைச்சொல்தான் ராஜா. 'கொடு' என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கொடுப்பது குச்சியா, துணியா, பாத்திரத்தில் இருக்கும் தண்ணீரா என்பதைப் பொறுத்து வினையே மாறும்.

ஏன் தேய்ந்தது?

1830-களின் இறுதியில் பெரியம்மை பரவி, ஏராளமானோர் இறந்தனர். 1867-ல் ரஷ்யா அலாஸ்காவை அமெரிக்காவுக்கு விற்றது. பிறகு வந்த பள்ளிகளில் தாய்மொழி பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை கிடைத்தது. அடி வாங்கியவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் ஆங்கிலத்திலேயே பேசினார்கள். 2000-களில் சரளமாகப் பேசுபவர்கள் சுமார் 75 பேர்தான்.

வட்டார வழக்கில் என்ன சிக்கல்?

மேல் இன்லெட், வெளி இன்லெட், இலியம்னா, உள்நாடு என நான்கு வழக்குகள். இதில் மேல் இன்லெட் மற்ற மூன்றிலிருந்தும் சற்று விலகியது. பக்கத்து அஹ்த்னா மொழியின் தாக்கம் அதில் அதிகம். மிச்சமிருந்த பேச்சாளர்களில் பெரும்பாலோர் நொண்டால்டன், லைம் வில்லேஜ் போன்ற உள்நாட்டுக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். ஆனா, மொழி வகுப்புகள் நடக்கும் கெனாய் பகுதி வெளி இன்லெட் வழக்கின் மண். அங்கே படிக்கும் இளைஞர் உள்நாட்டுப் பாட்டியிடம் கற்றுக்கொள்வதா, தன் தாத்தாவின் வழக்கைத் தேடுவதா?

தாத்தாவின் வழக்குக்குக் கைகொடுப்பவர் பீட்டர் கலிஃபோர்ன்ஸ்கி (1911–1993). வெளி இன்லெட் வழக்கின் கடைசிப் பேச்சாளர்களில் ஒருவர். 60 வயதைத் தாண்டிய பிறகுதான் தாய்மொழியில் எழுதக் கற்றார். அவர் எழுதிய கதைகளும் நினைவுகளும் 1991-ல் பெரிய நூலாக வந்தன. அவர் எழுதாமல் போயிருந்தால், அந்த வழக்கைப் படிக்க நினைப்பவருக்கு ஒலிப்பதிவுகளையும் ஆய்வாளர் குறிப்புகளையும் தவிர அதிகம் மிஞ்சியிருக்காது.

சட்டம் காப்பாற்றுமா?

2014-ல் டெனாய்னா உட்பட 20 பூர்வகுடி மொழிகளை அலாஸ்கா அதிகாரப்பூர்வமாக அங்கீகரித்தது. மரியாதை கிடைத்தது, சரி. ஆனால் அரசு அலுவல்கள் தொடர்ந்து ஆங்கிலத்தில்தான். வீட்டில் ஒரு குழந்தை 'சாயி வேணும்' என்று கேட்கும் நிலை திரும்பினால்தான் மொழி பிழைத்தது என்று அர்த்தம். எந்த வழக்கில் கேட்டாலும் சரி.